உப்பு ஏறிய ஆறு

ராணிப்பேட்டை

பாலாறு நந்தி மலையில் பிறந்து கர்நாடகத்தில் 93 கிலோமீட்டரும் ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும் ஓடி, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் கடந்து, கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் வயலூரில் கடலில் சேர்கிறது. இது வரைபடத்தின் கணக்கு. வருஷத்தில் பாதிக்கு மேல் அங்கே ஓடுவது மணல்தான். இந்த ஆற்றை நான் கீழிருந்து மேலாகப் பார்த்தேன். ராணிப்பேட்டையில் தொடங்கி வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஆந்திர எல்லை வரை. எதிர்த்துப் போனால் எந்த ஊரில் எது ஆற்றில் சேர்கிறது என்று பிரித்துப் பார்த்துவிடலாம் என்று ஒரு நினைப்பு.

நான் நொய்யல் கரைக்காரன். திருப்பூர்ச் சாயத்தண்ணீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி நின்றதையும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை இழுத்து மூடச் சொன்னதையும் ஊருக்குள்ளிருந்தே பார்த்தவன். ஆற்றைக் கெடுத்த தொழிலே ஊருக்குச் சோறும் போட்டது என்ற சங்கடம் எனக்குப் புதிதில்லை. அதனால்தானோ என்னவோ, பாலாற்றங்கரையின் தோல் பதனிடும் ஊர்களைப் பற்றிச் சென்னையில் உட்கார்ந்து முகம் சுளிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

ராணிப்பேட்டை சிப்காட்டில் முதலில் போய் நின்ற இடம் தோல் பதனிடும் இடமல்ல, பதனிடுவதற்கு மருந்து செய்த இடம். தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற தொழிற்சாலை 1970-களின் நடுவில் வந்தது, 1995-ல் மூடப்பட்டது. இருந்த இருபது வருஷத்தில் அது கொட்டிவைத்த குரோமியக் கழிவு 2 லட்சம் டன்னுக்கு மேல். ஆலை போய்விட்டது, கழிவு போகவில்லை. அதை அகற்றுவது பற்றி அதன் பிறகு எத்தனையோ திட்டங்கள் பேசப்பட்டுவிட்டன. 2006-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகில் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது, செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் அதில் இடம்பிடித்ததற்கு இந்தக் கழிவு மேடு முக்கியக் காரணம்.

குரோமியம் என்று பொதுவாகச் சொன்னால் குழப்பம் வரும். தோல் ஷாப்பில் (தோல் பதனிடும் பட்டறையை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) புழங்குவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். தோலில் ஊறலும் ஒவ்வாமையும் தரும். ஆனால் உடம்புக்குள் எளிதில் புகுந்துவிடாது. இந்த ஆலையில் செய்தது ஆறு இணைதிறன் கொண்டது. அது தண்ணீரில் சட்டென்று கரையும், உயிரணுவுக்குள் புகும். அந்தத் தூசியைச் சுவாசித்து வேலை செய்தவர்களுக்கு மூக்கின் நடுத்தண்டு ஓட்டையாவதும் நுரையீரல் புற்றுநோய் வருவதும் உலகம் முழுக்க மருத்துவர்கள் பதிவு செய்த விஷயம். மழைக்காலத்தில் அந்த மேட்டிலிருந்து கசியும் நீர் மஞ்சளாக இருப்பதும் இந்தக் குரோமியத்தால்தான்.

புளியங்கண்ணுப் பக்கம் ஒரு டீக்கடையில் தண்ணீர் கேட்டேன். கடைக்கார அம்மா கேன் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தார். கிணறு இல்லையா என்று கேட்டதற்கு, "கெணறு கீது. பாத்திரம்கூட கழுவ முடியாது சார், கறை புடிக்குது" என்றார். சலிப்போ கோபமோ இல்லாமல், விலை சொல்வது மாதிரி சொன்னார். வாரத்துக்கு எத்தனை கேன் என்று கணக்கும் சொன்னார். எங்கள் ஊர்ப் பெண்கள் பேசுவதும் இதே கணக்குதான்.

இதே சிப்காட்டில் 2015 ஜனவரி 31 விடியும் முன், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச்சேறு நிரம்பியிருந்த தொட்டியின் சுவர் இடிந்தது. சேறு பக்கத்திலிருந்த தோல் ஷாப்புக்குள் பாய்ந்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலானோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். ஆற்றில் விடக்கூடாது என்பதற்காகப் பிடித்துவைத்த கழிவு அது. ஆற்றுக்குப் போகாமல், தூங்குகிறவன் மேல் போய் விழுந்தது.

ஆற்காடு, வேலூர்

ஆற்காட்டில் மக்கன் பேடா சாப்பிடாமல் போவது பாவம் என்றார் உடன் வந்த நண்பர். பாகில் ஊறிய உருண்டையைக் கடித்தால் நடுவில் முந்திரியும் திராட்சையும். ஒன்று போதும், இரண்டாவது திகட்டிவிடுகிறது. நவாபுகள் எதைச் சாப்பிட்டுவிட்டு எப்படிக் குதிரை ஏறினார்களோ.

மேல்விஷாரத்தைத் தாண்டும்போது காரின் கண்ணாடி ஏற்றியிருந்தும் வாடை உள்ளே வந்தது. இந்த வாடையைப் பற்றி வெளியூர்க்காரர்கள்தான் எழுதுவார்கள், உள்ளூரில் யாரும் பேச மாட்டார்கள்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு. 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் லிங்கம் திரும்ப வந்துவிட்டதால் பட்டியலில் ஒன்று குறைந்தது. ஆறு அப்படியே இருக்கிறது. பாலத்தின் மேல் நின்று பார்த்தேன். சீமைக்கருவேலம், மணல் அள்ளிய பள்ளங்கள், குப்பை. ஆற்றுக்கு வந்த கேடு முழுவதையும் தோல் ஷாப்புகள் தலையில் கட்டிவிடவும் முடியாது. மணலை அள்ளியது வேறு கை, மேலே தடுப்பணை கட்டியது இன்னொரு கை. ஆனால் மணல் போன ஆற்றில் மழை பெய்தால் மறுபடியும் தண்ணீராவது ஓடும். தோல் கழிவால் உப்பு ஏறிய நிலத்தடி நீருக்கு அப்படி எளிதில் மாற்று கிடையாது.

சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றிய தெருக்களில் பாதி பலகைகள் வங்காளத்தில் இருக்கின்றன. லாட்ஜ், மருந்துக்கடை, மீன் சோறு எல்லாமே. மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகள் ரயிலேறி வருகிறார்கள். ஒரு சாப்பாட்டுக்கடையில் எதிரே உட்கார்ந்திருந்த முர்ஷிதாபாத்காரர் அப்பாவின் சிறுநீரகத்துக்காக வந்திருந்தார். அவருடைய ஊர்ப் பையன்கள் சிலர் ராணிப்பேட்டையில் வேலை செய்வதாக அரைகுறை இந்தியில் சொன்னார். என்ன வேலை என்று அவருக்குத் தெரியவில்லை. "சம்டா" என்று மட்டும் சொன்னார். தோல். உடம்பைக் காட்ட வருகிறவர்களும் உடம்பை விற்க வருகிறவர்களும் ஒரே ரயிலில்தான் வருகிறார்கள் போலிருக்கிறது.

ஆம்பூர்

ஆம்பூர் பிரியாணியைப் பற்றி எழுதிச் சலித்தவர்கள் நிறைய. எனக்குச் சொல்ல ஒன்றே ஒன்று உண்டு: அதில் மசாலா அடக்கமாக இருக்கிறது. சீரகச் சம்பா அரிசி தனித்தனியாக நிற்கிறது, பக்கத்தில் புளிப்பாக எண்ணெய் மினுங்கும் கத்தரிக்காய். எங்கள் பக்கத்துப் பிரியாணியில் மிளகாய்தான் முதலில் பேசும். இங்கே கறி பேசுகிறது. இத்தனை ஆடும் மாடும் வெட்டப்படும் ஊர், தோல் தொழில் வேறெங்கே போயிருக்கும்?

தோல் ஷாப் ஒன்றுக்குள் போக வழி கிடைத்தது. பெயர் எழுதக்கூடாது என்ற நிபந்தனையோடு. லாரியிலிருந்து இறங்கும் பச்சைத்தோலில் வெள்ளையாகப் படிந்திருந்தது உப்பு. வெட்டின மிருகத்தின் தோல் அழுகாமல் இருக்க, அதன் எடையில் பாதிக்கு நெருக்கமான உப்பைத் தடவுவார்கள். ஷாப்புக்கு வந்ததும் முதல் வேலை ஊறப்போடுவது; அந்த உப்பு முழுதும் தண்ணீருக்கு வந்துவிடும். அடுத்து சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் கலந்த தொட்டி, மயிர் கழிய. பிறகு சவ்வெடுப்பது. அதற்குப் பின் மறுபடியும் உப்பு, கூடவே அமிலம். கடைசியில் பெரிய மர டிரம்மில் குரோம் போட்டுச் சுற்றவிடுவார்கள். வெளியே வரும்போது தோல் வெளிர்நீலமாக இருக்கும், வெட் ப்ளூ என்பார்கள். போட்ட குரோமில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தோலில் ஏறாமல் தண்ணீரிலேயே தங்கிவிடும். ஒரு கிலோ தோலுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று 1996-ல் உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் குறித்திருக்கிறது.

டிரம் பக்கத்தில் நின்ற நடுவயதுக்காரர் முன்கையைக் காட்டினார். தடித்துக் கறுத்து, வெடிப்பு விட்ட தோல். "குரோம் புண்ணு சார். லீவு போட்டா ஆறிடும், வந்தா வந்துடும்" என்றார். கையுறை தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் போட்டால் வழுக்குகிறதாம், வேலை ஓடாதாம். துண்டுக்கணக்கில் கூலி என்றால் கையுறை எத்தனை நாள் கையில் நிற்கும்?

அதைவிட வேகமாகக் கொல்வது குழி. சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து வரும் சல்ஃபைடும் அமிலத் தண்ணீரும் ஒரே கழிவுக்குழியில் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். முதலில் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு செத்து நாற்றமே தெரியாது. வாடை போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவன் அப்படியே விழுவான். தூக்கப் போகிறவனும் விழுவான். இந்தப் பகுதியில் வருஷம் தவறினாலும் பத்திரிகையில் இந்தச் செய்தி தவறுவதில்லை. குழியில் இறங்குவதும் பச்சைத்தோல் தூக்குவதும் பெரும்பாலும் தலித்துகள். சமீபகாலமாக வடக்கத்தித் தொழிலாளர்கள். முதலாளிக்கும் குழிக்கும் நடுவில் எப்போதும் ஒரு காண்ட்ராக்டர்.

இந்தத் தொழில் எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதனிட்டதைத்தான் ஈஸ்ட் இந்தியா லெதர் என்று வெள்ளைக்காரன் கப்பல் கப்பலாக வாங்கினான். பட்டைத் தண்ணீரும் கறுப்பாகத்தான் ஓடும், நாறும். ஆனால் அதில் குரோம் இல்லை. 1970-களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி, அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. முழுதாக முடித்த தோலும் செருப்பும் விற்றால் அந்நியச் செலாவணி கூடும் என்பது கணக்கு. கணக்கு தப்பவில்லை. அதே காலத்தில் ஐரோப்பா தன் ஆறுகளைச் சுத்தம் செய்ய ஆரம்பித்திருந்தது. அழுக்கு வேலையை வெளியே அனுப்ப இடம் தேடிக்கொண்டிருந்தது. இரண்டும் இங்கே வந்து சேர்ந்தன. ரைன் நதி தெளிந்ததற்கும் பாலாறு கலங்கியதற்கும் தொடர்பே இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

சாயங்காலம் ஷூ கம்பெனி பஸ்கள் வரிசையாகக் கிளம்பின. எல்லாவற்றிலும் பெண்கள். மாதனூர், பேர்ணாம்பட்டு, குடியாத்தம் என்று பலகைகள். டீக்கடையில் பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண் ஒருவர், மகளை நர்சிங் படிக்கவைப்பதாகச் சொன்னார். பசை வாடையில் தலைவலிக்கும் என்றார். உட்கார்ந்தே தைப்பதில் இடுப்பு போய்விட்டது என்றார். "ஆனா இந்தக் கம்பெனி இல்லன்னா நான் வூட்ட வுட்டு வெளிய வந்திருப்பனாண்ணா?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார். பதில் எதிர்பார்த்துக் கேட்ட கேள்வியில்லை. பஸ் வந்துவிட்டது.

துத்திப்பட்டு, மாராப்பட்டு

கழிவுநீரைச் சுத்தம் செய்வது என்றால் என்ன என்று திருப்பூரில் கற்றுக்கொண்ட பாடம் இங்கே உதவியது. அழுகும் பொருளை நுண்ணுயிர் தின்றுவிடும். குரோமைச் சுண்ணாம்பு போட்டுப் படியவைக்கலாம். உப்பை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. கரைந்தபடியே எல்லாத் தொட்டிகளையும் கடந்துபோகும். 1990-களில் ஊருக்கு ஊர் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்த பிறகும் கிணறுகள் இனிக்காததற்கு அதுதான் காரணம். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்ல குடிநீர். வேறு வழியில்லை என்றால் 2,000 வரை. ஊறல் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் அது பல பத்தாயிரம்.

அதனால் ஒரு சொட்டும் வெளியே விடாத முறை வந்தது. தண்ணீரைச் சவ்வு வழியே பிழிந்தெடுப்பது, மிச்சத்தைக் கொதிக்கவைத்து ஆவியாக்குவது. மின்சாரம் தின்கிற வேலை. கடைசியில் அடியில் தங்குவது உப்பு. சாப்பாட்டு உப்பும் சோடியம் சல்ஃபேட்டும் அழுக்கும் கலந்தது. திரும்பப் பயன்படுத்த முடியாது, கொட்ட இடமும் கிடையாது. கொட்டகைகளில் மூட்டை மூட்டையாக அடுக்கிவைத்திருக்கிறார்கள். ஆற்றில் ஓடியது இப்போது கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊர்க் கொட்டகைகளும் இப்படி நிறைந்திருப்பதைப் பார்த்தவனுக்கு, இது முடிந்த கதை என்று சொல்ல வாய் வரவில்லை.

மாராப்பட்டுப் பாலத்தடியில் மழைக்காலத்தில் நுரை பொங்கும் படங்களைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். ஆற்றில் வெள்ளம் வரும் ராத்திரியில் யாரோ தேக்கிவைத்ததைத் திறந்துவிடுகிறார்கள் என்பது கரையோரத்தில் எல்லாரும் சொல்லும் குற்றச்சாட்டு. நான் போனபோது நுரையில்லை. குட்டையாகத் தேங்கிய கறுப்புத் தண்ணீரும் அதில் நின்ற கொக்கும்தான்.

பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தென்னந்தோப்பு. மரங்கள் உயரமாகவே இருந்தன, தலைமட்டும் சிறுத்துக் கிடந்தது. தோப்புக்காரப் பெரியவர் ஒரு தேங்காயை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஆரஞ்சுப்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. நெல்லும் கரும்பும் வாழையும் போட்ட பூமி. ஆற்றிலிருந்து ஊற்றுக்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்த காலத்தைச் சிறுவயதில் பார்த்தவர். "உப்புத் தண்ணி தென்னைக்கு ஆவும்னு சொன்னாங்க. இது கடலுப்பு இல்லியே, ஷாப்பு உப்பு" என்று சிரித்தார். அவருடைய இரண்டு மகன்களும் தோல் ஷாப்பில்தான் வேலை செய்கிறார்கள்.

வாணியம்பாடி

சட்டக் கல்லூரி மாணவர்கள் எல்லாரும் வேலூரைப் படித்திருப்பார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தந்த தீர்ப்புதான், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதையும் கேடு வரும் முன்பே தடுக்க வேண்டும் என்பதையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கியது. தோல் ஷாப்புகளால் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போன நிலம் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் என்ற கணக்கும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. ஒவ்வொரு ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம். சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு. இழப்பீட்டை மதிப்பிட ஓய்வுபெற்ற நீதிபதி பி. பாஸ்கரன் தலைமையில் தனி ஆணையம்.

அந்த ஆணையம் 2001-ல் வேலூர் மாவட்டத்தில் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் என்று தீர்மானித்தது. 547 தோல் ஷாப்புகள் கொடுக்க வேண்டிய பணம். கோடியில் கேட்டால் பெரிசாக இருக்கும். வகுத்துப் பார்த்தேன், தலைக்கு 9,200 ரூபாய்க்கும் குறைவு. செத்துப்போன கிணற்றுக்கும் விளையாத நிலத்துக்கும் சேர்த்து.

வாணியம்பாடியில் தோல் வியாபாரத்திலிருந்து ஓய்ந்துவிட்ட ஒரு பாய் வீட்டில் டீ குடித்தேன். உருதுச் சாயல் கலந்த தமிழ். தாத்தா காலத்தில் பட்டைத்தோல், தகப்பனார் காலத்தில் குரோம், தன் காலத்தில் கோர்ட் என்று மூன்று தலைமுறையை முடித்துவிட்டார். "சின்ன ஷாப்பெல்லாம் மூடியாச்சு. சுத்திகரிப்புக்குக் கட்ற காசுல லாபமே போயிடுது. பெரியவங்க தாக்குப் பிடிப்பாங்க. வெளிநாட்டுக்காரன் சர்டிபிகேட் கேக்குறான், ஆனா ஒரு ஜோடிக்கு ஒரு டாலர் கூடக் குடுக்கச் சொன்னா வங்கதேசம் போறேங்கறான்" என்றார். அவர் பேச்சில் சுயநியாயம் இருந்தது. உண்மையும் இருந்தது. அவர் வீட்டிலும் கேன் தண்ணீர்தான்.

குழாயில் வருவது காவிரி. மேட்டூரிலிருந்து குழாய் போட்டு இந்த ஊர்களுக்குக் கொண்டுவருகிறார்கள். பாலாற்றங்கரையில் பிறந்து காவிரித் தண்ணீர் குடித்து வளரும் ஒரு தலைமுறை இங்கே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறது.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இதே பிரச்சினையில் மறுபடியும் தீர்ப்புச் சொன்னது. நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும். இழப்பீடு இன்னும் கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்தில் அரசு கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்து ஆற்றை மீட்க வேண்டும். முதல் தீர்ப்பு வந்தபோது பிறந்த பிள்ளைக்கு இப்போது கல்யாணமாகியிருக்கும். மாவட்டத்தையே இதற்குள் மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரில், ராணிப்பேட்டை தனி. எந்தக் கலெக்டரிடம் மனு கொடுப்பது என்பதே பாதிப் பேருக்குக் குழப்பம்.

புல்லூர்

வாணியம்பாடிக்கு மேற்கே ஆந்திர எல்லையில் புல்லூர் தடுப்பணை. 2016-ல் ஆந்திர அரசு அதை 5 அடியிலிருந்து 12 அடியாக உயர்த்தியபோது இந்தப் பக்கம் பெரிய கொந்தளிப்பு. 1892-ல் மதராஸும் மைசூரும் போட்ட ஆற்றுநீர் ஒப்பந்தத்தை நீட்டி இங்கே வாதாடுகிறார்கள். நியாயமான வாதம்தான். ஆனாலும் ஒரு சந்தேகம் வந்தது. வருகிற தண்ணீரை முழுதாக விட்டாலும் நாம் அதை எந்த ஊர் வரை நல்ல தண்ணீராக வைத்திருப்போம்?

அணைக்குப் பின்னால் தண்ணீர் தெளிவாக நின்றது. வழி நெடுகப் பார்த்த எந்தத் தண்ணீருக்கும் இந்த நிறம் இல்லை. பையன்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். கனகநாச்சியம்மன் கோயில் பக்கம் கிடா வெட்டிச் சமைத்துக்கொண்டிருந்த குடும்பம் ஒன்று எங்களையும் உட்காரச் சொன்னது. களியும் ஆட்டுக்குழம்பும். குழம்பு அந்தத் தண்ணீரில்தான் கொதித்தது.

சாப்பிட்டு முடிப்பதற்குள் டிவிஎஸ் ஃபிப்டியில் ஒருவர் வந்தார். உரித்த தோலைக் கையில் தூக்கிப் பார்த்தார், கத்தி பட்ட இடத்தைக் காட்டிக் குறை சொன்னார். முன்பெல்லாம் ஆட்டுத்தோல் விலையிலேயே மசாலாச் செலவு போய்விடும் என்று வீட்டுப் பெரியவர் முணுமுணுத்தார். இப்போது அதற்குக் கிடைப்பது டீச்செலவுக்குத்தான் ஆகும். பேரம் சீக்கிரம் முடிந்தது. வந்தவர் பையிலிருந்து கல்லுப்பை அள்ளி உள்பக்கம் முழுக்கத் தேய்த்தார், ஓரம் விடாமல். நாலாக மடித்து, முன்னால் இருந்த மற்ற தோல்களோடு வைத்துக் கட்டினார். எங்கே போகும் என்று கேட்டேன்.

"வாணியம்பாடி மண்டிக்கு. அங்கருந்து எந்த ஷாப்புக்குப் போவுதோ, யாருக்குத் தெரியும்" என்றார். உப்பு விலையும் ஏறிவிட்டது என்றார்.